திறக்கிற பெட்டியும் எடுக்கக்கூடாத அழைப்பும்

1

பேராசிரியர் தந்த படிவம் ஒன்று இரண்டு கிழமையாக என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஒரு பக்கம்தான். நேர்காணல் ஒன்றின் ஒலிப்பதிவு இடையில் நின்றுபோனால் அதற்கான காரணத்தை அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணங்களை அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கருவிக் கோளாறு, பங்கேற்பாளரின் வேண்டுகோள், பங்கேற்பாளரின் உடல்நிலை, மற்றவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னச் சதுரம். "மற்றவை" என்பதற்குப் பக்கத்தில் ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

பதினேழாம் இலக்க ஒலிப்பதிவு, ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி. நிறுத்தியவன் நான். கருவியில் கோளாறு இல்லை. பங்கேற்பாளர் நல்ல சுகத்தோடு இருந்தார், எனக்குக் கோப்பி வேறு ஊற்றித் தந்தார். அப்படியென்றால் மற்றவை. அந்த ஒன்றரை வரிக்குள் காரணத்தை எழுத எனக்கு இந்த நாட்டின் நொஸ்க் மொழி போதாது. தமிழ் போதும், ஆனால் அந்த இடம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் நோர்வே நாட்டின் பேர்கன் நகரத்தில் இருக்கிறேன். வந்து இரண்டு ஆண்டும் சில மாதங்களும் ஆகின்றன. இங்கே மழை ஒரு செய்தி அல்ல. மழை பெய்யாத நாளைத்தான் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வவுனியாவில் கணினி படித்து முடித்த பிறகு புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து வந்தவன். கடைசியாக விசுவமடு வீட்டை விட்டுப் புறப்பட்டது 2006இல், ஒரு விடுமுறை முடிந்து வவுனியாவுக்குத் திரும்பியபோது. சில கிழமையில் சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த விடுமுறைக்குப் போகலாம் என்று பாதிச் சாமான்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

2

என்ன படிக்கிறாய் என்று இங்கே உள்ள தமிழர்கள் கேட்பார்கள். சொன்னதும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கைத்தொலைபேசியில் விளையாடுகிற ஒருவருக்கு விளையாட்டு என்ன பரிசு தருகிறது, அது கிடைக்கும்போதும் கிடைக்காதபோதும் அவருக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்வதுதான் என் வேலை. "கேம் படிக்க வந்த பெடியன்" என்று ஒரு கலியாண வீட்டில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். அதில் பிழையொன்றும் இல்லை.

இதற்கென்றே எங்கள் ஆய்வுகூடம் ஒரு சின்ன விளையாட்டைச் செய்தது. திரையில் ஒரு தோட்டம். கரட் நடலாம், தண்ணீர் விடலாம், பிடுங்கலாம். இடையில் மணிச் சத்தத்தோடு ஒரு பெட்டி வந்து விழும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் திறக்கும். உள்ளே ஒரு விதையோ வாளியோ வேலித் துண்டோ இருக்கும். இதில் மூன்று பதிப்புகள். முதலாவதில் பெட்டி தினமும் ஒரே நேரத்துக்கு வரும், எப்போதும் உள்ளே ஏதாவது இருக்கும். இரண்டாவதில் தோட்ட வேலையை முடித்தால்தான் வரும். மூன்றாவதில் எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வந்தாலும் சில வேளை உள்ளே ஒன்றுமே இருக்காது. இந்த விளையாட்டைப் பழைய போன்களில் ஏற்றி ஆட்களிடம் கொடுத்து, ஒரு மாதம் விளையாடவிட்டு, பிறகு கூப்பிட்டுப் பேசுவோம்.

முதல் பதிப்பு விளையாடிய மாணவன் ஒருவன் சொன்னான்: "முதல் மூன்று நாள் நன்றாக இருந்தது. பிறகு அது சம்பளம் மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் வந்ததென்று யாராவது துள்ளிக் குதிப்பார்களா?" மூன்றாம் பதிப்பு விளையாடிய தாதி ஒருத்தி சொன்னாள்: "வெறும் பெட்டி வந்தால் கோபம் வரும். அடுத்த பெட்டிக்கு முந்தினதைவிட வேகமாக ஓடுவேன். ஏன் என்று என்னைக் கேட்காதே, நீதானே படிக்கிறாய்."

முதல் அறிக்கையை நொஸ்க்கில் எழுதினேன். பரிசுக்கும் சம்பளத்துக்கும் அந்த மொழியில் கிட்டத்தட்ட ஒரே சொல்தான், முன்னால் ஒரு அசை கூடும். நான் அந்த அசையை விட்டுவிட்டேன், பன்னிரண்டு பக்கத்திலும். பேராசிரியர் வாசித்துவிட்டு, "உன் அறிக்கைப்படி பார்த்தால் நாங்கள் இந்தக் கரட் தோட்டத்தில் ஒரு தொழிற்சங்கம் தொடங்க வேண்டும்" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கு சிரிக்க வேண்டும் என்பதை மொழிக்கு முன்பே படித்துவிட்டேன்.

3

எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து விசுவமடுவில் மற்றவர்களின் வெங்காயத்திலும் மிளகாயிலும் கூலிக்கு நின்று, பிறகு ஒரு துண்டு நிலம் எடுத்தவர்கள். அப்பா நான் உயர்தரம் படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, இலக்கமும் தெரியாது. தங்கச்சி செல்விக்கும் எனக்கும் வன்னிப் பேச்சு. அம்மாவுக்கு இன்றைக்கும் தோட்டத்துப் பேச்சு.

2008இல் விசுவமடுச் சந்திக் கடைக்குச் செல்வி அம்மாவைக் கூட்டி வருவாள். நான் இங்கிருந்து அந்தக் கடைப் போனுக்கு எடுப்பேன். ஒருநாள் அம்மா கேட்டார்.

"அங்கிட்டு என்ன வேல சாமி பாக்குற?"

"விளையாட்டில என்ன மாதிரிப் பரிசு குடுத்தா ஆக்கள் திரும்பத் திரும்ப வருவினம் எண்டு பாக்கிறனம்மா."

"ஆளு திரும்ப வர்றதுக்கா?"

"ஓம்."

"இதக் கேக்கவா அம்புட்டு தூரம் போன? எங்க கங்காணியக் கேட்டிருந்தா ஒரு வாய் வெத்தலைக்குச் சொல்லியிருப்பானே!"

பின்னால் செல்வி சிரிப்பது கேட்டது. "அண்ணாட படிப்பு வெத்திலையோட முடிஞ்சுது."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று சொல்வார்கள். பறித்த கொழுந்து குறித்த எடைக்கு வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நான் சும்மா கேட்டேன்.

"அரைப்பேர் போட்டா கோபத்தில அடுத்த நாள் வராம விடமாட்டீங்களோ?"

"அரப்பேரு விழுந்தாத்தான் மறுநா வெள்ளன மலைக்கு ஓடுவோம். முழுப்பேரு விழுந்த அன்னிக்கு எவ ஓடுவா?"

நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஆய்வேட்டின் முன்னுரையில் சேர்த்தேன். பேராசிரியர் பக்க ஓரத்தில் பென்சிலால் "ஆதாரம்?" என்று எழுதியிருந்தார். என் அம்மா சொன்னார் என்றேன். எங்கே வெளிவந்தது என்று கேட்டார். விசுவமடுச் சந்தியில் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டோம்.

4

2009 தொடக்கத்தில் விசுவமடுவுக்குப் போன் போகாமல் விட்டது. பிறகு விசுவமடுவில் ஆட்களே இல்லை என்று தெரிந்தது. அம்மாவும் செல்வியும் எந்தப் பக்கம் போனார்கள், இருக்கிறார்களா என்று ஒரு தகவலும் இல்லை. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். எழுத ஒன்றும் அகப்படவில்லை. காலையில் ஆய்வுகூடத்துக்குப் போனேன். போன்களைச் சோதித்தேன். ஆட்களைக் கேள்வி கேட்டேன். பின்னேரம் வந்து சோறு காய்ச்சினேன். நகரத்தின் நடுவில் எங்கள் ஆட்கள் பதாகை பிடித்து நின்றபோது நானும் போய் நின்றேன். கை குளிர்ந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு காலை, திரையில் எண் இல்லாமல் ஒரு அழைப்பு வந்தது.

"அண்ணா, நான் செல்வி. குறுக்க கதையாதேங்கோ, கேளுங்கோ. அம்மா இருக்கிறா. நானும் இருக்கிறன். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில முகாம். இது பக்கத்துக் கூடாரத்துத் தவமக்காட போன். இஞ்ச போன் வச்சிருக்க விடாயினம், ஒளிச்சுத்தான் வச்சிருக்கிறா. ஏழு குடும்பம் இதை நம்பித்தான். கதைக்கக் காசு காணாது. ஒவ்வொரு புதனும் மத்தியானம் ரெண்டு மணிக்கு, ரெண்டு தரம் அடிக்கவிட்டு வைப்பன். அடிச்சா நாங்கள் இருக்கிறம் எண்டு அர்த்தம்."

"அடிக்காட்டி?"

"அடிப்பம். எடுத்துப் போடாதேங்கோ அண்ணா. எடுத்தா காசு போயிடும், பிறகு ஒருத்தருக்கும் இல்லை."

"அம்மாட்டக் குடு."

"அவா தண்ணி லைனில. வைக்கிறன்."

வைத்துவிட்டாள். நான் சமையலறைக் கதிரையில் இருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு மிஸ்ட் கோல் புதிதல்ல. சைக்கிளில் சந்திக்கு வந்துவிட்டேன் என்று ஒரு அடி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு அடி, யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் விடுவதுதான் பதில். இங்குள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்த முடியாது. ஒருவர் கூப்பிடும்போது எடுக்காமல் இருப்பது மரியாதை என்று எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு எழுத்துத் தெரியாததால் எங்கள் வீட்டுக்கு இதைவிட நல்ல கடிதமும் இல்லை.

5

வவுனியாவில் மத்தியானம் இரண்டு மணி என்றால் பேர்கனில் காலை பத்தரை. புதன்கிழமை அந்த நேரத்துக்கு என் நாட்காட்டியில் "கூட்டம்" என்று போட்டு வைத்தேன். போனை மேசையில் வைத்துவிட்டு முன்னால் இருப்பேன். அடிக்கும். இரண்டு தரம். நிற்கும். இருக்கிறார்கள். எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றுவேன். வியாழன் காலையில் திரும்பவும் ஒன்றும் தெரியாதவனாகிவிடுவேன்.

என் போனும் ஆய்வுகூடம் வாங்கிய அதே பழைய போன்களில் ஒன்றுதான். அவற்றில் பெட்டி விழுகிற சத்தமும் அழைப்பு மணியும் ஒன்றே. மலிவுப் போன், வேறு சத்தம் வைக்க வழியில்லை. ஒவ்வொரு காலையும் இருபது போன்களை வரிசையாக வைத்துச் சோதிப்பது என் வேலை. மணி கேட்டதும் தாமதிக்காமல் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும், பெட்டி திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்க்க. ஒரு ஆண்டாக இதைச் செய்கிறேன். மணி, பெருவிரல். மணி, பெருவிரல்.

சிக்ரிட் என்ற அம்மையாரின் நேர்காணல் வியாழக்கிழமைக்குத்தான் இருந்தது. அறுபத்தெட்டு வயது. பயணிகள் படகில் ரிக்கெற் விற்று ஓய்வு பெற்றவர். மூன்றாம் பதிப்பு விளையாடியவர். கண் வைத்தியரிடம் போக இருக்கிறது, புதன் ஒன்பது மணிக்கு வரலாமா என்று கேட்டார். பத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்து ஓம் என்றேன். அவர் பேசத் தொடங்கினால் நிறுத்துகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அவர் பேசியது நொஸ்க். நொஸ்க்கில் எல்லோருக்கும் "நீ"தான். என் பக்கத்தை நான் "நீங்கள்" என்றே எழுதுகிறேன், அந்த வயதுக்கு என் கை வேறு எழுத மாட்டேன் என்கிறது.

"வெறும் பெட்டி வந்தால் என்ன செய்வீர்கள்?"

"ஏசுவேன். பிறகு கோப்பி குடிப்பேன். பிறகு பார்ப்பேன்."

"எதைப் பார்ப்பீர்கள்?"

"அடுத்தது வந்துவிட்டதா என்று. குளியலறைக்கும் கொண்டு போகிறேன். என் புருஷன் இருந்த காலத்தில் அவரைக்கூட இப்படி எட்டி எட்டிப் பார்த்ததில்லை."

"உள்ளே என்ன கிடைத்தால் சந்தோஷம்?"

"உள்ளே கிடப்பது குப்பை. வாளி! என்னிடம் இப்போது பதினான்கு வாளி இருக்கிறது. வாளிக்காகவா திறக்கிறேன்? வந்திருக்கிறது என்பதற்காகத் திறக்கிறேன். மறக்கவில்லை என்பதற்காக." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீ கேள்வியை என்னிடம் கேட்கிறாய். உன் கண் மேசையில் கிடக்கிறது. உனக்கு எந்தப் பதிப்பைக் கொடுத்திருக்கிறார்கள்?"

சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குள் மணி அடித்தது. பெருவிரல் போய்விட்டது.

"அம்மா?" என்றேன்.

"ஐயோ அண்ணா, எடுத்திட்டீங்களே!" செல்வி. அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் குரல்: "வை பிள்ளை, வை, வை." அதற்கு மேல், எங்கிருந்தோ ஓடி வருகிற மாதிரி, அம்மா. "சாமி, சா..."

நின்றுவிட்டது. திரையில் பதினொரு விநாடி என்று காட்டியது. நான் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினேன். ஏன் அதை நிறுத்தினேன் என்று தெரியாது. நிறுத்த வேறு ஒன்றும் கையில் இருக்கவில்லை.

"யார்?" என்றார் சிக்ரிட்.

"என் அம்மா."

"திருப்பி எடேன்."

"எண் தெரியாது."

அம்மாவின் எண் தெரியாத ஒருவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து குடுவையை எடுத்து, அதன் மூடியில் கோப்பி ஊற்றி என் பக்கம் தள்ளினார். "இன்றைக்கு இது போதும்" என்றார். போகும்போது பதினான்கு வாளி உள்ள அந்தப் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் முடிந்திருந்தது.

6

அடுத்த புதன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த புதனும் அடிக்கவில்லை.

ஒக்டோபர் கடைசியில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்போது வவுனியாவின் இரண்டு மணி இங்கே ஒன்பதரையாகிவிடும். செல்விக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான் ஒன்பதரையில் இருந்து பத்தரை வரை இருந்தேன், எதற்கும் இரண்டையும் சேர்த்து.

ஆட்களைத் தேடித்தரும் தொண்டு அமைப்பு ஒன்றின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கேயும் படிவம். குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்கு அப்பாவின் பெயர், அம்மாவுக்குத் தாத்தாவின் பெயர். அலுவலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருவருக்கும் வேறு வேறு பெயராக இருக்கிறதே?"

"வேறு வேறு அப்பா" என்றேன். நான் சொல்ல வந்தது அவரவருக்கு அவரவர் அப்பா என்று. அவர் முகம் மாறியது. விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் போனது. பிறந்த திகதி தெரியாது என்றேன். எல்லோருக்கும் போடுகிற ஜனவரி முதலாம் திகதியைப் போட்டார். கடைசியாகத் தொடர்பு கொண்டது எப்போது என்ற இடத்தில் அந்தப் புதன்கிழமையை எழுதினேன். எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். பதினொரு விநாடி என்றேன். நிமிடமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில் அபி என்றொரு பிள்ளை, பத்து வயது. இங்கே பிறந்தவள். ஒரு பழைய போனில் எங்கள் கரட் தோட்டத்தை அவளுக்கும் ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை கேட்டாள்.

"மாமா, உங்கட வீட்டிலயும் ஃபார்ம் இருக்காம். அப்பா சொன்னவர். எந்த லெவல்?"

"லெவல் இல்லை. வெங்காயம்."

"நீங்க போகாட்டி அது சாகுமா?"

"இப்ப அங்க ஒருத்தரும் இல்லை."

"அப்ப செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் கரட்டுக்குத் தண்ணீர் விட்டாள். அவளில் பிழையில்லை. அந்த விளையாட்டில் அப்படித்தான்; எழுதியதில் நானும் ஒருவன். அவளுடைய அம்மா குசினியில் இருந்து, "அபி, மாமாவோட தமிழில கதை" என்று சத்தம் போட்டார். அவள் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

நேர்காணல் முடிவில் பங்கேற்பாளரிடம் ஐந்து முகங்கள் உள்ள ஒரு அட்டையைக் கொடுப்போம். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகத்தில் முடியும். பெட்டி வராத நாளில் எப்படி இருந்தது என்று ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஐந்தாவது புதனோ ஆறாவதோ, ஆட்கள் இல்லாத நேரத்தில் அந்த அட்டையை எடுத்து எனக்கு எது என்று பார்த்தேன். அழுகிற முகம் இல்லை. நடுமுகமும் இல்லை, நடுமுகத்துக்கு வாய் இருக்கிறது. அட்டையைத் திருப்பி உறைக்குள் வைத்தேன். அம்மா சுகமில்லாமல் இருக்கலாம். அந்தப் போன் பிடிபட்டிருக்கலாம். என்னால் யாருக்கோ அடி விழுந்திருக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்தேன். பெட்டியைத் திறப்பது போல. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

7

எட்டாவது புதன், டிசம்பர் முதல் கிழமை. ஒன்பதரைக்கு மணி அடித்தது. திரையில் எண் இல்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஒன்று. இரண்டு. நிற்கவில்லை. மூன்று, நான்கு என்று அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது. பிறகும் அடித்தது. நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தேன்.

"என்ன விளையாடுறியளோ?" செல்வி கத்தினாள். "எடுக்க வேண்டாம் எண்டா எடுப்பியள். எடுக்கச் சொல்லி அடிச்சா எடுக்க மாட்டியள்!"

"செல்வி, அம்மா?"

"இஞ்ச பக்கத்திலதான் நிக்கிறா. முகாமில இருந்து எங்களை விட்டாச்சு அண்ணா. வவுனியா ரவுணில நிக்கிறம், கடையில இருந்து எடுக்கிறன். வடிவாக் கதைக்கலாம். இந்தாங்கோ."

கை மாறுகிற சத்தம் கேட்டது.

"சாமி."

"அம்மா."

"சாப்பிட்டியா?"

"ஓமம்மா. நான் அண்டைக்கு எடுத்தது பிழை. தெரியாமக் கை..."

"அட விடுப்பா. அன்னிக்கு நீ 'அம்மா'ன்ன. தண்ணி லைனுல வாளிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். நாலு மாசமா இவதான் வந்து சொல்லுவா, மணி போகுதும்மா, அண்ணன் இருக்கும்மான்னு. மணி போனா நீ இருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? போனு சும்மா சுவத்துல தொங்கினாக்கூட மணி அடிக்குமே. அன்னிக்குத்தான் உங்குரலக் கேட்டேன். அத வச்சுக்கிட்டுத்தான் இம்புட்டு நாளு இருந்தேன்."

எனக்கு வந்த மணியைப் பற்றி மட்டுமே ஒவ்வொரு கிழமையும் நினைத்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அது ஒரு வெறும் பெட்டி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெட்டியைப் பற்றி ஆய்வு செய்கிறவன்.

செல்வி திரும்ப வாங்கினாள். குரலைக் குறைத்துக்கொண்டு பேசினாள், அம்மா கேட்காமல் இருக்க.

"அண்ணா, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"தவமக்கா எல்லாரையும் அடிக்க விட்டிட்டுக் கடைசியாத்தான் தான் அடிப்பா. அவாட மனுசன் பிரான்ஸில. அவருக்கும் எங்களை மாதிரித்தான், ரெண்டு தரம். அவாட கண்ணாடி உடைஞ்சதால நான்தான் நம்பர் அமத்திக் குடுக்கிறனான். அண்டைக்கு எங்கட முறைக்குப் பிறகு அவாட முறை. நீங்கள் எடுத்ததில இருந்தது முடிஞ்சுது. ஒண்டும் சொல்லேல்லை மனுசி. 'பரவாயில்லை, அடுத்த கிழமை பாப்பம்' எண்டா. போன் காட் வாங்கித் தாறவரும் பிறகு வரேல்லை. அந்தக் கிழமைக்குள்ள அவாவை வேற முகாமுக்கு மாத்திப் போட்டினம். போனும் அவாவோட போட்டுது."

"இப்ப எங்க?"

"தெரியாது. போகேக்க சுகமாத்தான் போனவா. நம்பர் எனக்குப் பாடம். எழுதுங்கோ. எடுத்துச் சொல்லுங்கோ அண்ணா. அந்தாள் எட்டுக் கிழமையா என்ன நினைச்சுக்கொண்டிருக்குதோ."

லாச்சியைத் திறந்து கையில் அகப்பட்ட தாளில் எழுதினேன்.

8

சொல்ல வேண்டியதை முதலில் குறித்துக்கொண்டேன். நேர்காணலுக்கு முன் கேள்விகளை எழுதுவது போல. ஒன்று, நான் யார். இரண்டு, உங்கள் மனைவியை என் தங்கச்சி ஒக்டோபரில் கண்டவள், அப்போது சுகமாக இருந்தா. மூன்று, மணி நின்றதற்குக் காரணம் நான். நான்கு, இப்போது எங்கே என்று தெரியாது. நான்காவதை மூன்றாவதற்கு முன் சொல்வதா பின் சொல்வதா என்று யோசித்து, அப்படியே விட்டேன்.

ஆய்வுகூடத்துத் தொலைபேசியில் இருந்து அவருடைய எண்ணுக்கு எடுத்தேன். அங்கிருந்து எடுத்தால் மறுபக்கத்தில் எண் விழாது. அது எனக்குத் தெரியும்; அந்த நேரத்தில் அதை ஒரு விடயமாக நினைக்கவில்லை. புதன்கிழமை, மணி பத்தும் ஆகவில்லை. பிரான்ஸிலும் அதே மணிதான்.

முதல் மணி முழுதாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்.

"தவம்?" என்றார். மூச்சு வாங்கியது. பின்னால் பெரிய பாத்திரங்கள் கழுவுகிற சத்தம். "தவம், இருக்கிறீரோ? வையும், வையும்! கை தவறி எடுத்திட்டன். காசு முடிஞ்சிடும், வையுமப்பா!"

வைத்துவிட்டார்.

எனக்கு "அண்ணை" என்று தொடங்கக்கூட நேரம் இருக்கவில்லை. தாளைப் பார்த்தேன். அதில் இருந்த நான்கையும் சேர்த்தாலும் அவர் கையில் இப்போது இருப்பதைவிடக் குறைவு. பிரான்ஸில் எங்கோ ஒரு குசினியில் அந்த மனிதர் இந்த நிமிடம் தன் மனைவி இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு பாத்திரம் கழுவுகிறார். அதைக் கொடுத்தவன் நான். அதற்குள் ஒன்றும் இல்லை.

திரும்ப அவருக்கு எடுத்தேன். ஒரு மணி போனது. இரண்டு மணி போனது. அவர் எடுக்கவில்லை. இனி எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மூன்று. நான்கு. யாருடைய காசும் முடியாது, பதில் சொல்லுங்கள் என்று இங்கிருந்து அவருக்கு எப்படிச் சொல்வது? ஏழு, எட்டு. தொடர்பு அறுந்தது. திரும்ப அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். மணி போகத் தொடங்கியது. ஒன்று, இரண்டு. நான் வைக்கவில்லை.